சீமாறும் சேவையும்: கொங்கில் கத்தோலிக்கப் பள்ளியும் நாமும்

'சேவை' என்கிற சொல்லை எங்க வளவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேலை உண்டு, பண்ணயம் உண்டு, வெட்டி உண்டு. இழவுச் சேதி சொல்லப் போவது உண்டு, செத்த மாட்டைத் தூக்குவது உண்டு. எங்க பாட்டன் பூட்டன் இதில் பாதியைக் கூலி இல்லாமலேதான் செய்தார்கள். அதற்குச் சேவை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அதே வேலையை மேலே இருக்கிற ஒருத்தர் மனமிரங்கி ஒரே ஒரு நாள் செய்தால் அது சேவை ஆகிவிடுகிறது. பேப்பரில் படம் வருகிறது, சான்றிதழ் வருகிறது.

கத்தோலிக்கப் பள்ளிகளின் கல்விப்பணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு மாதிரி பேசுகிறார்கள். சாமியார்களும் கன்னியாஸ்திரிகளும் இல்லையென்றால் தலித் பிள்ளைகள் எழுத்தையே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது ஒன்று. எல்லாமே மதம் மாற்றுகிற வேலை என்பது இன்னொன்று. இரண்டு பேச்சிலும் நாம் கை நீட்டி வாங்குகிறவர்களாக மட்டும்தான் இருக்கிறோம். சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி விடுதியில் ஏழு வருசம் தங்கிப் படித்த அருந்ததியப் பெண் நான். எனக்கு இருப்பது வேறு கேள்வி. அந்தப் பள்ளிகளில் சேவை செய்தது யார்? யாருக்குச் செய்தார்கள்? யாருடைய உழைப்பு சேவைக் கணக்கில் சேராமலே போனது? இதற்குப் பதில் தேட, சத்தி வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம்.

இருட்டில் வந்த சாமியார்கள்

சத்திக்கும் கத்தோலிக்கத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தார். மேல்சாதியைப் பிடித்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்பது கணக்கு. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள அனுமதித்தார். ஆனால் பிராமண சந்நியாசி கோலத்தில் இருப்பவர் சேரிக்குள் கால் வைக்க முடியுமா? வைத்தால் கோலம் கலைந்துவிடும். ஆகவே 1640 வாக்கில் 'பண்டாரசாமி' என்று இன்னொரு வகைச் சாமியாரை உண்டாக்கினார்கள். பல்தசார் தா கோஸ்தா என்பவர் முதல் பண்டாரசாமி. மதுரை மிஷனின் பதினேழாம் நூற்றாண்டு நிலையங்களில் சத்தியமங்கலமும் ஒன்று. நொபிலி மாதிரி சந்நியாசிகளைவிடப் பண்டாரசாமிகள் நம்மிடம் நெருங்கி வந்தார்கள் என்பது உண்மை. அப்போதும் மற்றச் சாதியார் பார்க்கிற பகல் வேளையைத் தவிர்த்து, இருட்டிய பிறகுதான் பறையர் குடியிருப்புக்குப் போய்வந்தார்கள்.

இதை ரோமாபுரியே கேட்க வேண்டி வந்தது. போப்பின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் பாண்டிச்சேரியில் ஓர் ஆணை போட்டார். சாகக் கிடக்கும் பறையருக்குத் திருவருட்சாதனம் கொடுக்க அவர் வீட்டுக்குள் போக மாட்டேன் என்று எந்தக் குருவும் சொல்லக் கூடாது என்றது அந்த ஆணை. நாற்பது வருசம் இழுபறி நடந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னார். கடைசியில் எப்படி முடிந்தது தெரியுமா? பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கினார்கள். தீட்டை ஒழிக்கச் சொன்ன ஆணை, தீட்டுக்குத் தனி இலாகா திறந்து முடிந்தது.

அந்தத் தனிக் குருக்கள் பட்ட பாடு பொய்யில்லை. சேரியோடு சேரியாக வாழ்ந்தவர்களை நாம் கொச்சைப்படுத்த வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குச் செய்வது தனியாக, ஊருக்குத் தொந்தரவு இல்லாமல், ஊரின் ஒழுங்கு கலையாமல் செய்யப்பட வேண்டும் என்கிற விதி அன்றைக்கே போடப்பட்டுவிட்டது. பிறகு வந்த பள்ளிக்கூடச் சேவை இந்த விதியின் மேல்தான் நின்றது.

ஒரு ஆயரின் ராஜினாமா

கோயம்புத்தூர் மிஷன் 1845இல் பாண்டிச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டு, பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் பொறுப்பில் வந்தது. அதற்குத் தலைமை ஏற்ற மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. 1744 ஆணைப்படி நடப்பதாக ஒவ்வொரு மிஷனரியும் சத்தியம் செய்ய வேண்டும். நடைமுறையிலோ சாதி வழக்கங்களில் பாதியைக் கண்டும் காணாமலும் விட்டார்கள். சத்தியம் ஒன்று, நடப்பு ஒன்று. இந்த இரட்டைநிலை அவர் மனச்சாட்சியை அறுத்தது. தெளிவு கேட்டு ரோமுக்கு எழுதினார். மனசு சமாதானமாகும்படி பதில் கிடைக்கவில்லை. 1855இல் பதவி விலகினார். பிறகு ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு சபையைத் தொடங்கி, 1859இல் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்துபோனார்.

பிரெசிலாக் சாதி ஒழிப்புப் போராளி அல்ல. ஆனால் கொங்கு நாட்டுத் திருச்சபையின் முதல் ஆயரே சாதிச் சடங்குப் பிரச்சினையால் பதவியைத் துறந்தவர் என்பதை எங்கள் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சத்தியப் பிரமாணத்தை ரோம் 1940இல்தான் நீக்கியது. சாதி அதற்குப் பிறகும் இருந்தது.

1853இல் கோவையில் ஜோசப் லூயி ராவேல் என்ற குரு, பெண்கள் கல்விக்கும் பராமரிப்புக்குமாகக் காணிக்கை அன்னை பிரான்சிஸ்கன் கன்னியர் சபையைத் தொடங்கினார். அடுத்த வருசமே சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்து, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற கொள்கை பிறந்தது. மானியம் வாங்கக் கட்டடம் வேண்டும், கட்டணம் கட்டுகிற பிள்ளைகள் வேண்டும். கட்டணம் யாரிடம் இருந்தது? நிலமும் கடையும் யாரிடம் இருந்ததோ அவர்களிடம்தான். கிறிஸ்தவர் ஆன நம் சனங்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லித்தரும் சின்னப் பள்ளி. டவுன் பள்ளியின் வாசல் வேறு ஆட்களுக்குத் திறந்தது.

இது கொங்குக் கதை மட்டுமல்ல. நெல்லைப் பக்கம் வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவரை 1910இல் இடித்தார்கள். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போன வழக்கில் அவர்கள் தோற்றார்கள். கோவில் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் இடிக்க முடிந்தது. பள்ளிக்கூடத்துச் சுவர் விதிமுறையாக, கால அட்டவணையாக, வேலைப் பட்டியலாக இருந்தது. அதை இடிக்க இன்னும் ஆள் வரவில்லை.

'பிறருக்கான மனிதர்கள்'

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திருச்சபையை உலகத்தின் பக்கம் திருப்பியது. 1973இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில், இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே தங்கள் பள்ளிகளில் படித்து முடித்தவர்கள் முன்னால் பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம், நீதிக்காக நிற்க உங்களுக்கு நாங்கள் கற்றுத் தந்தோமா என்று அவர் கேட்டது, கேட்டவர்களில் பலருக்குக் கசந்தது. உலகம் முழுக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் சமூக சேவை பாடத்திட்டத்தோடு சேர்ந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். இங்கே 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம் வந்திருந்தது. பள்ளிகள் இரண்டையும் கலந்துகொண்டன. அருப்பே கேட்ட நீதியை விட்டுவிட்டு, முகாமை மட்டும் எடுத்துக்கொண்டன.

'பிறர்' என்றால் யார்? சேவைக்குப் புறப்படும் பிள்ளை 'நாம்', சேவை வாங்கும் வளவு 'பிறர்'. அந்த வளவிலிருந்தே ஒரு பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் அது எந்தப் பக்கம் நிற்கும்?

விடுதியில் ஏழு வருசம்

2003இல் ஆறாம் வகுப்புக்கு விடுதியில் சேர்ந்தேன். எங்க வளவில் என் வயசுப் பெண்பிள்ளைகளுக்கு அன்றைக்கு இரண்டே வழி. ஒன்று பண்ணாடி தோட்டத்தில் களைவெட்டு. இன்னொன்று மில்லு. கோவை, திருப்பூர், ஈரோடு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' கொடிகட்டிப் பறந்த காலம் அது. மூன்று வருசம் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஏஜென்ட் வந்து சொல்லுவான். முழுசா வாங்கினவர்கள் கொஞ்சம், உடம்பு கெட்டுத் திரும்பினவர்கள் அதிகம். எங்க பெரியம்மா மகள் போனாள். என்னையும் அனுப்பச் சொல்லி வீட்டில் பேச்சு நடந்தபோது ஒரு சிஸ்டர் வளவுக்கு வந்து, எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்க அம்மா கொடுத்த தண்ணியை வாங்கிக் குடித்து, "படிக்கட்டுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். தண்ணி குடித்ததை எங்க அம்மா இன்றைக்கும் சொல்லும். அந்த விடுதி இல்லையென்றால் நான் எம்.ஏ. தமிழ் படித்திருக்க மாட்டேன், இந்தக் கட்டுரையும் இல்லை.

அதே விடுதியில்தான் சீமாறு என் கைக்கு வந்தது. பகலில் வந்துபோகிற பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு 'சேவை'. மைதானத்தில் காகிதம் பொறுக்குவார்கள். அதற்கு நோட்டில் மதிப்பெண். விடுதிப் பிள்ளைகளுக்குக் காலை ஐந்தரை மணிக்கு 'வேலை'. வகுப்பறை, வராந்தா, அப்புறம் மொத்தப் பள்ளியின் கக்கூஸ். இதற்கு மதிப்பெண் கிடையாது. கேட்டால், "இலவசமாத்தானே சாப்பிடறீங்க." விடுதியில் பறையர் வீட்டுப் பிள்ளைகள், அருந்ததியப் பிள்ளைகள், கடம்பூர் மலை ஊராளி, தாளவாடிப் பக்கத்துச் சோளகர் பிள்ளைகள் என்று இருந்தோம். அதற்குள்ளேயும் ஒரு பட்டியல். கக்கூஸ் முறை அருந்ததியப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வந்தது. ஏன் என்று ஒருத்தி வாய்விட்டுக் கேட்டதற்கு வார்டன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பழக்கம்தானேம்மா" என்றார்.

உழைப்பின் மாண்பு என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்போம். மாண்பு உள்ள உழைப்பென்றால் எல்லாரும் முறைபோட்டுச் செய்ய வேண்டியதுதானே? மலம் அள்ளுவதைப் புனிதமான தொண்டு என்று பாராட்டி, அதைச் செய்கிறவனை அதிலேயே நிறுத்திவைக்கிற தந்திரத்தை அம்பேத்கர் 1945இலேயே காந்தியையும் காங்கிரசையும் பற்றிய தன் நூலில் கிழித்துப் போட்டார். 2014இல் அமைச்சர்களும் நடிகர்களும் சீமாறு பிடித்துப் படம் எடுத்துக்கொண்டபோது எனக்கு அந்த வெள்ளிக்கிழமைப் பீரியடுதான் ஞாபகம் வந்தது. சீமாறு ஒன்றுதான். பிடிக்கிற கையைப் பொறுத்து அது சேவை, இல்லையென்றால் குலத்தொழில்.

சாக்கடையின் கடைசி

நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது நாட்டு நலப்பணி முகாம் எங்க பக்கத்து வளவில் நடந்தது. கவுண்டர், செட்டியார், முதலியார் வீட்டுப் பிள்ளைகளும் நாங்களும் போனோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், சுகாதாரப் பாட்டுப் பாடினோம், சாக்கடையைத் தூர்வாரினோம். சாப்பாடு பள்ளியிலிருந்து வேனில் வந்தது, குடிதண்ணியும் அதோடு வந்தது. வளவுக்காரர்கள் செம்பில் தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். விடுதிப் பிள்ளைகள் நாங்கள் மட்டும் குடித்தோம்.

அந்தச் சாக்கடை எங்கே தொடங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஊர்த்தெருவில் தொடங்கி, ஊர்க்காரர் வீட்டுக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, சரிவில் இறங்கி வளவுக்குள் வந்து தேங்கி நிற்கிறது. அதற்கப்புறம் போக்கு இல்லை. முகாம் அறிக்கையில் 'சுத்தம் பற்றிய விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்' என்று எழுதினார்கள். வளவுக்காரனுக்கு விழிப்புணர்வு இல்லாததாலா சாக்கடை நிற்கிறது? பஞ்சாயத்து ஏன் வடிகாலை வளவோடு நிறுத்தியது என்று கேட்டிருந்தால் அது அருப்பே சொன்ன நீதி. அதைக் கேட்க ஊரோடு மோத வேண்டும். ஊர்ப் பிள்ளைகள்தான் கட்டணம் கட்டுகிறவர்கள். மழை வந்தது, ஒரே மாசத்தில் சாக்கடை பழையபடி நிறைந்தது.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியிலேயே ஒரு டீச்சர் முகாமில் சுண்ணாம்பு வாளியைத் தொடவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், எந்தப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, யாருக்குப் பட்டா இல்லை என்று எழுதினார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்க மனு எழுத எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மலைப் பிள்ளைகளின் பழங்குடிச் சான்றிதழுக்குக் கோபி கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவரும் அவர்தான். எங்களோடு இருந்த மலையாளி இனப் பிள்ளைகளுக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடியாக இருக்கிற மலையாளி, ஈரோடு மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இல்லை. அந்த முகாமில் நிலைத்து நின்றது அவர் வாங்கித் தந்த காகிதங்கள் மட்டும்தான். 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, கையில் சான்றிதழ் இருந்ததால் நான் அடுத்த வருசம் அதில் கல்லூரிக்குள் போனேன். அந்த ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2024இல் செல்லும் என்றது.

ஞாயிறு ஒரு பேர், திங்கள் ஒரு பேர்

விடுதியில் என் பக்கத்துப் பாய்க்காரி பறையர் சாதிக் கத்தோலிக்கப் பெண். கோவில் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பேர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பேர். ஞானஸ்நானப் பெயரில் சான்றிதழ் வாங்கினால் அவள் பட்டியல் சாதி ஆக முடியாது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவர் கணக்கில் வருகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்கு இல்லை. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்து அடிப்பதில்லை.

சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த கிறிஸ்தவ ஆதிதிராவிடர் சூசை, இந்துத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பங்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தள்ளுபடி ஆனது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்வதற்கு ஆதாரம் காட்டவில்லை என்றார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சலுகை கேட்க முடியாது என்று ஒரு பெண்ணின் வழக்கைத் தள்ளியது.

இந்த இரட்டை வாழ்க்கையை நம் எழுத்தாளர்கள் முன்பே எழுதிவிட்டார்கள். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. அதற்குப் பத்து வருசம் முன்னால், 1992இல், பாமாவின் 'கருக்கு'. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யக் கன்னியர் சபையில் சேர்ந்த ஒரு தலித் பெண், அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் பள்ளியைப் பார்த்து வெளியேறி வந்த கதை அது. சேவை யாருக்கு என்கிற கேள்வியை உள்ளே இருந்தே கேட்டவர் பாமா.

நம்முடைய சேவை

நமக்குச் சேவை மரபு இல்லையா? நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை சட்டமன்ற மேலவையில் இருந்த அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி, உழைத்துக் களைத்துவரும் நம் சனங்களுக்காகச் சென்னையில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். மேலிருந்து இறங்கி வந்து யாரும் நடத்தியதல்ல அது. தூரத்து உதாரணமும் ஒன்று உண்டு. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்குக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற கத்தோலிக்கக் குரு, அரசுப் பள்ளி பெயிலாக்கித் தள்ளிய விவசாயிப் பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளி நடத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும். அந்தப் பையன்கள் எட்டுப்பேர் சேர்ந்து எழுதிய கடிதம் 1967இல் புத்தகமானது. தமிழிலும் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. அங்கே ஏழைப் பிள்ளை சேவை வாங்குகிறவன் இல்லை, கேள்வி கேட்கிறவன்.

தமிழக ஆயர்கள் 1990இல் தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. காகிதத்தில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வர வேண்டும். அதற்கு நாம் கேட்க வேண்டியவை சில.

ஒவ்வொரு கத்தோலிக்கப் பள்ளியும் எத்தனை தலித், பழங்குடிப் பிள்ளைகளைச் சேர்த்தது, எத்தனை பேரை ப்ளஸ் டூ வரை கொண்டுபோனது, எத்தனை தலித் ஆசிரியர்களை நியமித்தது என்று வருசாவருசம் கணக்குச் சொல்லட்டும். உதவிபெறும் பள்ளியில் சம்பளம் அரசுப் பணம், நியமனம் நிர்வாகத்தின் கையில். சிறுபான்மை நிறுவனம் என்பதால் இடஒதுக்கீடு கட்டாயமில்லை. சிறுபான்மை உரிமை வேண்டும், அதை யாருக்காகக் கையாள்கிறார்கள் என்று கேட்கிற உரிமை நமக்கு வேண்டும். விடுதிப் பிள்ளை கையில் கக்கூஸ் துடைப்பத்தைக் கொடுக்கிற வழக்கம் உடனே நிற்கட்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்கட்டும், அல்லது கட்டணம் கட்டுகிற பிள்ளை உட்பட எல்லாரும் முறை போட்டுச் செய்யட்டும். சேவை முகாம் வளவுக்கு வருவதற்கு முன்னால் ஊர்த்தெருவுக்குப் போகட்டும். சாக்கடை தொடங்குகிற இடத்தில், இரட்டை டம்ளர் இருக்கிற டீக்கடையில், சுடுகாட்டுப் பாதையை மறித்த வேலியில் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று. அந்தப் பள்ளிகளை விட்டு வெளியே வராதீர்கள். உள்ளே இருந்து படியுங்கள், மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், சாயந்தரம் வளவுக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்குச் சான்றிதழ் தர ஆள் இருக்காது. சனங்க தெரிஞ்சுக்குவாங்க, அது போதும்.